காவிரி: தலைமடை முதல் கடைமடை வரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் மைசூர் தப்புவதே இல்லை. காலையில் அரண்மனை, பிறகு மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, இருட்டும் நேரத்தில் பிருந்தாவனம். பாட்டுக்கு ஆடும் நீரூற்றைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்கள். அந்தத் தோட்டத்தின் தலைக்கு மேலே நெடுக நிற்கிற கருங்கல் சுவரைக் காட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதுதான் கிருஷ்ணராஜ சாகர் அணை. தஞ்சாவூர் வயலில் ஆனியில் நாற்று விடலாமா, மண்டியாவில் கரும்பு நடலாமா, பெங்களூரில் குழாய் திறந்தால் தண்ணீர் வருமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் பெருமளவு அந்தச் சுவருக்குப் பின்னால்தான் தேங்கிக் கிடக்கிறது. பார்க்க வேண்டியதன் காலடி வரைக்கும் போய், அதைப் பார்க்காமலே திரும்பி வருகிறோம்.

காவிரியைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சி சொல்லித்தந்தது. இத்தனை டி.எம்.சி., இன்ன தேதித் தீர்ப்பு, ஆணையக் கூட்டம், பந்த், எல்லையில் நிறுத்தப்பட்ட பஸ்கள். இரண்டு மாநிலம், ஒரு ஆறு, ஒரு சண்டை என்று கதை அதற்குள் அடங்கிவிடும். ஆற்றோடு போய்ப் பார்த்தால்தான் கதைக்குள் இன்னும் பல சண்டைகள் இருப்பது புரியும்.

இதை முதலில் செய்து பார்த்தவர்கள் மாணவர்கள் அல்ல, விவசாயிகள். 2002-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, இரண்டு மாநிலங்களிலும் கொதிப்பு ஏறியிருந்தது. 2003 ஏப்ரலில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், பேராசிரியர் எஸ். ஜனகராஜனின் முயற்சியில், இரு மாநில விவசாயிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. தமிழகத் தரப்பில் வந்தவர்களில் மன்னார்குடி எஸ். ரங்கநாதன் முக்கியமானவர். நடுவர் மன்றம் கேட்டு 1983-ல் உச்ச நீதிமன்றம் போன டெல்டா விவசாயிகள் சங்கத்தை வழிநடத்தியவர் அவர். எதிர்ப்பக்கம் கர்நாடக விவசாயிகள் இயக்கத்தின் கே.எஸ். புட்டண்ணய்யா. ‘காவிரிக் குடும்பம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தக் குழு, பேசியதோடு நிற்கவில்லை. டெல்டாக்காரர்கள் கர்நாடக அணைகளையும் ஆயக்கட்டையும் போய்ப் பார்த்தார்கள். மண்டியாக்காரர்கள் டெல்டாவின் வாய்க்கால் வரப்புகளில் நடந்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பங்கீட்டுக் கணக்கு ஒன்றை அவர்களால் எட்ட முடியவில்லை என்பது உண்மை. ஆனால் ஒருவர் நிலத்தை ஒருவர் மிதித்துப் பார்த்தது அரசுகளுக்குத் தோன்றாத யோசனை. ஒரு கல்லூரி, ஒரு பள்ளி, ஏன் ஒரு வாசகர் வட்டம்கூட அந்த வழியில் போகலாம்.

போவதற்கு முன் ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க, இரவு பகல் நிற்காமல் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். செய்தித்தாளில் ‘மேட்டூரிலிருந்து 12,000 கன அடி திறப்பு’ என்று வரும்போது, நாளைக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேல் போகிறது என்று படிக்கலாம். இது கைவசம் இருந்தால் எந்த மதகின் மேல் நின்றாலும் ஆறு எண்ணாக மாறும், எண் ஆறாக மாறும்.

முதலில் கிருஷ்ணராஜ சாகர். மண்டியாப் பக்கத்தில் பழைய ஊர்ப் பெயரால் கண்ணம்பாடிக் கட்டை என்றே இன்றும் சொல்கிறார்கள். 1911-ல் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளராக இருந்து, அடுத்த ஆண்டே திவானும் ஆன விஸ்வேஸ்வரய்யாவின் கனவு இது. சிமென்ட் இல்லாமல் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால் எழுப்பிய சுவர். முழுக்கொள்ளளவு சுமார் 49 டி.எம்.சி., நீர்மட்டம் 124.80 அடி. மகாராஜாவின் தாயார் நகைகளை விற்றுப் பணம் திரட்டினார்கள் என்று மண்டியாவில் பெருமையோடு சொல்வார்கள். நம் பக்கத்தில் இதே அணையின் கதை தொடங்குவது வேறு இடத்திலிருந்து.

1892 பிப்ரவரி 18-ல் சென்னை மாகாணமும் மைசூரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வகுத்துவைத்த ஆறுகளில் சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன வேலை எதுவும் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். 1910-ல் மைசூர் கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. தேக்கும் அணை கேட்டது. தனக்கும் மேட்டூரில் ஓர் அணைத் திட்டம் வைத்திருந்த சென்னை 11 டி.எம்.சி.க்கு மட்டும் தலையாட்டியது. மைசூர் வேலையைத் தொடங்கியது, ஆனால் பெரிய அணைக்கு வேண்டிய அகலத்தில் அடித்தளத்தைப் போட்டது. இங்கேதான் சண்டை மூண்டது. நடுவராக வந்த அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் 1914-ல் தீர்ப்புச் சொன்னார். சென்னை அதை ஏற்காமல் லண்டன் வரை முறையிட்டது. இழுபறியெல்லாம் முடிந்து 1924-ல், மறுபடி ஒரு பிப்ரவரி 18-ல், புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

அணையின் மேல் நடக்க இப்போது பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதனால் என்ன? கீழே நின்று அந்தச் சுவரின் அடியை அண்ணாந்து பார்த்தாலே ஆசிரியருக்கு ஒரு மணி நேரப் பாடம் இருக்கிறது. சென்னையின் சம்மதம் காகிதத்தில் ஓர் அளவு சொல்லியது, கல் வேறோர் அளவு சொல்லியது. மைசூரின் வாதத்தையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட மாகாணமும், அவர்களுக்குக் கீழ்ப்படிந்த ஒரு சமஸ்தானமும் சமமாக உட்கார்ந்து பேசியிருக்க முடியுமா என்று கர்நாடகம் இன்றுவரை கேட்கிறது. நமக்குப் பிடிக்காத கேள்விதான், ஆனாலும் நியாயமான கேள்வி. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒப்பந்தங்கள் செல்லும் என்றது. ஆனால் 1924 ஒப்பந்தம் ஐம்பது ஆண்டோடு, 1974-ல், முடிந்துவிட்டது என்றும் சொன்னது. ‘முடியவில்லை, சில பிரிவுகளை மறுபரிசீலனை செய்யலாம் என்றுதான் இருந்தது’ என்பது தமிழகம் அதுவரை சொல்லிவந்த வாதம். ஆக, இருதரப்புக்கும் பாதி வெற்றி, பாதி ஏமாற்றம்.

அணை வளாகத்தில் திப்பு சுல்தான் காலத்துப் பாரசீகக் கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஓர் அணைக்கு அவர் அடிக்கல் நாட்டியதைச் சொல்லும் கல்வெட்டு அது. அணையின் பெருமை யாருக்கு என்று கர்நாடகத்துக்குள்ளேயே அதை வைத்து அவ்வப்போது அரசியல் சண்டை நடக்கும். நீர்ப்பரப்பின் அடியில் பழைய கண்ணம்பாடி ஊர் கிடக்கிறது. அங்கிருந்த வேணுகோபாலசாமி கோயில் வறட்சிக் காலங்களில் தலைகாட்டிக்கொண்டிருந்தது. பிற்பாடு அதைக் கல் கல்லாகப் பிரித்துக் கரையில் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கோயிலுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஊரைவிட்டுப் போன குடும்பங்களைப் பற்றி எந்த அறிவிப்புப் பலகையும் பேசுவதில்லை.

அங்கிருந்து விஸ்வேஸ்வரய்யா கால்வாயைத் தொடர்ந்து மண்டியாவுக்குள் போக வேண்டும். தமிழகத்திலிருந்து போகிறவர்கள் தவறவே கூடாத இடம் இது. 1930-களின் தொடக்கத்தில் இந்தக் கால்வாயில் தண்ணீர் வந்தது, 1933-ல் மைசூர் சர்க்கரை ஆலை வந்தது. அதற்கு முன் கேழ்வரகும் மானாவாரியுமாக இருந்த சீமை, ஒரே தலைமுறையில் கரும்பும் நெல்லும் விளையும் சீமையானது. தஞ்சாவூர்க்காரருக்கு ஆற்றுப் பாசனம் ஆயிரம் ஆண்டுச் சொத்து. மண்டியாக்காரருக்கு அது தாத்தா காலத்தில் கைக்கு வந்த சொத்து. ‘உங்கள் பழைய உரிமை எங்கள் வறுமையைக் காலத்துக்கும் நிலைக்கவைக்க வேண்டுமா?’ என்று அவர் கேட்பதும், ‘எங்கள் வயலைக் காயவைத்துத்தான் நீங்கள் முன்னேற வேண்டுமா?’ என்று நாம் கேட்பதும் இங்கேதான் நேருக்கு நேர் மோதுகின்றன.

இன்னும் கீழே, மத்தூர், மளவள்ளிப் பக்கம் போனால் காதில் விழுவது வேறு. மேலே இருக்கிறவர்கள் கரும்புக்கு இழுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்குக் கால்வாயில் தண்ணீர் வந்து சேர்வதே இல்லை என்பார்கள். வேதாரண்யத்தில் கேட்டுப் பழகிய அதே புலம்பல், கன்னடத்தில். கடைமடை என்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் வாய்த்த துயரம் இல்லை. மாநில எல்லை ஆற்றை ஓரிடத்தில்தான் வெட்டுகிறது. தலைமடை, கடைமடை என்ற கோடு ஒவ்வொரு வாய்க்காலிலும் ஓடுகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால், செய்தி வாசிப்பவர் ‘கர்நாடகம்’, ‘தமிழகம்’ என்று இரண்டே ஆட்களைப் போலச் சொல்லும்போது, அந்த இரண்டு பெயருக்குள்ளும் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பார்கள்.

ஆறு தமிழக எல்லையைத் தொடும் இடத்தில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் ஒன்றைத் தவிரப் பார்க்கப் பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் இந்தியாவிலேயே அதிகமாக வாதாடப்பட்ட எண்கள் இங்கேதான் பிறக்கின்றன. நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு, காவிரியின் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. தமிழகத்தின் 419-ல் பெரும்பகுதி நம் எல்லைக்குள் பெய்யும் மழையில் கிடைப்பது. கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 192 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-ல் 10 டி.எம்.சி.க்கு அது காட்டிய காரணம் டெல்டாவின் நிலத்தடி நீர். மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு.

மாதக் கணக்கில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஜூனுக்கு உரிய பங்கு வெறும் 9.19 டி.எம்.சி. ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95. மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் நாளோ ஜூன் 12. அதாவது குறுவைக்கு முதல் தண்ணீர், அந்த ஆண்டு கர்நாடகம் தரப்போகிற தண்ணீர் அல்ல. போன ஆண்டு மேட்டூரில் மிச்சம் பிடித்து வைத்தது. ‘ஜூன் 12-ல் திறப்பார்களா?’ என்று டெல்டா ஏன் மே மாதம் முழுக்க மேட்டூர் நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளங்கிவிடும்.

மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. கர்னல் எல்லிஸின் திட்டம், கவர்னர் ஸ்டான்லியின் பெயர். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வெள்ளக் காலத்தில் கூட்டம் அலைமோதுவது பதினாறு கண் மதகைப் பார்க்க. வரலாறு பார்க்கப் போகிறவர்கள் வறண்ட காலத்தில், பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் போக வேண்டும். நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய மாதா கோயிலின் கோபுரமும் நீருக்கு மேல் எழுந்து வரும். நந்தியின் உடம்பில் எந்த மட்டம் வரை சேறு படிந்திருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். கால் வைக்கும் இடமெல்லாம் வெடித்த வண்டல். குடகிலும் மைசூரிலும் கரைந்த மண், ஒரு காலத்தில் தஞ்சாவூர் வயலுக்குப் போயிருக்க வேண்டியது, இங்கே பாளம் பாளமாகக் கிடக்கிறது. டெல்டாவின் மூத்த விவசாயிகள் ‘அந்தக் காலத்து வண்டல் தண்ணி’ என்று ஏக்கத்தோடு சொல்வதன் பொருளை இந்த வெடிப்பில் விரலை விட்டுத் தெரிந்துகொள்ளலாம். தஞ்சாவூருக்காகத் தங்கள் ஊரை இழந்தவர்கள் சேலம் மாவட்டத்தில் இருந்தார்கள் என்பதும் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய சங்கதி.

மேட்டூர் கட்டியபோது சென்னை மாகாணம் சும்மா பழைய ஆயக்கட்டைக் காப்பாற்றவில்லை. 3,01,000 ஏக்கர் புதுப் பாசனத்தையும் சேர்த்துக்கொண்டது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு ஓடுகிற கல்லணைக் கால்வாய், மக்கள் பேச்சில் புது ஆறு, அப்படிப் பிறந்ததுதான். ‘நீங்கள் மட்டும் விரிவுபடுத்தலாமா?’ என்று கர்நாடகம் கேட்பதன் வேர் இதில் இருக்கிறது. 1924 ஒப்பந்தம் அதை அனுமதித்தது என்பது நம் பதில். எழுபதுகளில் கர்நாடகம் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி என்று அடுத்தடுத்து அணை எழுப்பியபோது நம்மிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்பது நம் எதிர்க்கேள்வி. இரண்டையும் சேர்த்துக் கேட்காமல் வகுப்பை முடிக்கக் கூடாது.

முக்கொம்பு திருச்சிக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை. வறுத்த மீன் வாசனைக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே, 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே போட்ட மேலணை. கொள்ளிடம் பள்ளமான ஆறு. காவிரியின் படுகை மண்மேடிட்டுப் போக, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சாவூர் வயலும் சுருங்கியது, கும்பெனியின் நிலவரியும் சுருங்கியது. இதில் எது அணை கட்டவைத்தது என்று கேட்டால், இரண்டும் என்பதே நேர்மையான விடை. காட்டனின் அணை தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பியது. திருப்பியதில் காவிரிக்கு அளவுக்கு மேல் பாய்ச்சல் வந்து படுகையை அரிக்கத் தொடங்க, அதற்கும் தடுப்பு வேலை செய்ய வேண்டியதாயிற்று. ஆற்றில் ஒரு கல்லை வைத்தால் அதோடு வேலை முடிவதில்லை.

2018 ஆகஸ்ட் 22 இரவு இதே மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துப்போயின. கட்டுமானத்துக்கு வயதாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு. கீழே மணலை அள்ளி அள்ளிப் படுகையைப் பள்ளமாக்கியதன் வினை என்றார்கள் விவசாயிகளும் சூழல் இயக்கத்தினரும். பிறகு புதுக் கதவணை வந்துவிட்டது. இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது பக்கத்து மாநிலம் இல்லை. நம் லாரிகள், நம் மணல்.

கல்லணையில் எல்லாப் புத்தகங்களும் ஒரே வரியைச் சொல்கின்றன: கரிகால் சோழன் கட்டியது. யானை மேல் அமர்ந்த கரிகாலன் சிலையைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கொஞ்சம் நின்றால் இன்னும் சுவையான கதை கிடைக்கும். ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு கரிகாலன் காவிரிக்குக் கரை எழுப்பியதைச் சொல்கிறது. கரை வேறு, அணை வேறு. அணையையும் அவனே கட்டினான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. கட்டியவர் யாராக இருந்தாலும் அறிவு அசாத்தியமானது. ஆழம் காண முடியாத மணலில் பெரும் கற்களைப் போட்டு, அவை தாமாகப் புதைந்து புதைந்து உறுதிப்பட, மேலே களிமண்ணும் கல்லுமாக நெளிந்து போகும் ஓர் உடம்பு. தண்ணீரைத் தேக்குவதற்கு அல்ல, காவிரியை விட்டுக் கொள்ளிடத்துக்கு ஓடிவிடாமல் திருப்புவதற்கு. மணலில் அடித்தளம் போடும் முறையை இந்த அணையைப் பார்த்துத்தான் தாங்கள் கற்றதாகக் காட்டனே எழுதிவைத்திருக்கிறார். அதைக் கொண்டுபோய்த்தான் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார்.

இன்று கண்ணில் படுகிற பாலமும் ஷட்டர்களும் மணற்போக்கிகளும் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் சேர்த்தவை. ஈராயிரம் ஆண்டு அதிசயம் என்று காட்டப்படும் படத்தில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் காலத்து வேலை. பழைய அணையின் உடல் அதன் அடியில் இருக்கிறது. மாணவர்களுக்கு ஒரு வேலை தரலாம்: எது கல், எது செங்கல், எது கான்கிரீட், எது இரும்பு என்று பிரித்து ஒரு படம் வரையச் சொல்லுங்கள். வரைந்து முடிக்கும்போது பல அரசுகளின் கை அதில் தெரியும்.

அங்கிருந்து டெல்டா. காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரியும் நீர் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு, முள்ளியாறு என்று கிளைக்கிறது. பெயர்களை வரைபடத்தில் படிப்பதைவிட, பொதுப்பணித் துறைக் காலத்திலிருந்து மதகு பார்க்கும் ஒரு லஸ்கரோடு அரை நாள் நடப்பது மேல். எந்த ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்கினால் எந்த ஊருக்கு எத்தனை நாளில் போகும் என்பது அவர் கையில் இருக்கிற கல்வி. தண்ணீர் குறைவான ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள். எந்த வாய்க்காலுக்கு இன்று முறை, எதற்கு நாளை என்ற பேச்சில் எழும் சூட்டைப் பார்த்தால், பிலிகுண்டுலு சண்டையின் சின்ன வடிவம் ஒவ்வொரு தலைப்பு மதகிலும் நடப்பது தெரியும்.

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் ஆறு முடிகிற இடங்களில் வாய்க்காலை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். ‘வெள்ளம்னா மொதல்ல முங்குறது நாங்க, வறட்சின்னா மொதல்ல காயறதும் நாங்க’ என்பது கடைமடையில் எவரைக் கேட்டாலும் வரும் பேச்சு. மேலே ஆறு வற்றினால் இங்கே கடல் ஏறும். ஆழ்குழாயில் உப்புத் தண்ணீர் வரும். நிலத்தடி நீர் 10 டி.எம்.சி. என்று தீர்ப்பில் எழுதிய எண்ணை, இந்த உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு இன்னொரு முறை படிக்கலாம். டெல்டாவில் நல்ல ஊற்று உள்ள ஊர்களும் இருக்கின்றன, ஊற்றே உதவாத ஊர்களும் இருக்கின்றன. சராசரிக் கணக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

கீழவெண்மணிக்குப் போகாமல் இந்தப் பயணம் முழுமை பெறாது. தண்ணீருக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். காவிரி பாய்ந்து, மேட்டூர் காத்து, இரண்டு போகம் விளைந்த பூமியில்தான் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. ஆறு கொண்டுவந்த வளம் நிலம் வைத்திருந்தவர் களத்தோடு நின்றுவிட்டது. ‘காவிரி நம் உரிமை’ என்று சொல்லும்போது அந்த ‘நம்’-மில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று இந்த நினைவுத் தூண் முன்னால் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பின்னாளில் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுக்கும் இயக்கத்தை இதே கீழத்தஞ்சையில்தான் நடத்தினார்கள்.

நகரத்துப் பிள்ளைகள் தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையின் குழாயில் 2004 முதல் வீராணம் ஏரியின் தண்ணீர் வருகிறது. அந்த ஏரிக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருவது காவிரித் தண்ணீர்தான். பெங்களூரோ 1974 முதல் காவிரியைக் குடிக்கிறது. சுமார் நூறு கிலோமீட்டர் தூரம், அரைக் கிலோமீட்டர் உயரம் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. விவசாயிக்கும் விவசாயிக்கும் இருந்த வழக்கில் மூன்றாவதாக ஓர் ஆள், மற்ற இருவரையும்விட வேகமாக வளர்கிற ஆள், வந்து உட்கார்ந்துவிட்டார்.

கிருஷ்ணராஜ சாகருக்கும் பிலிகுண்டுலுவுக்கும் நடுவே உள்ள மேகதாதுவைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. கனகபுராவிலிருந்து சங்கமம் போய், அர்க்காவதி வந்து சேரும் இடத்தைத் தாண்டி, பாறை இடுக்கில் ஆறு ஒடுங்கிப் பாயும் இடம். இங்கே 67.16 டி.எம்.சி. தேக்கும் அணை கட்ட வேண்டும் என்கிறது கர்நாடகம். பெங்களூருக்குக் குடிநீர், கொஞ்சம் மின்சாரம், தமிழகத்துக்கு முறையாகத் தண்ணீர் விட வசதி என்பது அதன் வாதம். பிலிகுண்டுலுவுக்கு மேலே, இப்போது கட்டுப்பாடில்லாமல் வந்துசேரும் தண்ணீரின் கழுத்தையும் பிடிக்கும் ஏற்பாடு இது என்பது தமிழகத்தின் அச்சம். காவிரி வனவிலங்கு சரணாலயத்தின் காட்டையும் சேர்த்து சுமார் 5,000 ஹெக்டேர் நீரில் போகும் என்று சூழலியலாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

மற்ற இடங்களிலெல்லாம் முடிந்துபோனதைப் பார்க்கத்தான் போகிறோம். கண்ணம்பாடி மூழ்கியபோதும் பண்ணவாடி மூழ்கியபோதும் அங்கிருந்த மக்கள் என்ன சொன்னார்கள் என்று பதிவு செய்ய யாரும் நோட்டுப் புத்தகத்தோடு போகவில்லை. மேகதாதுவில் இன்னும் கல் வைக்கவில்லை. அங்கே ஓடும் நீரை அளக்கலாம், பரிசல் தள்ளுகிறவரிடமும் காட்டோர ஊர்க்காரரிடமும் பேசலாம். இரு மாநில அரசுகளும் நீதிமன்றத்தில் கொடுத்த மனுக்களை அந்தப் பாறைமேல் உட்கார்ந்து மாறி மாறி வாசிக்கலாம். தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றும் மண்டியாக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போகட்டும். மழைக்கு முன் மே மாதத்தில் ஒரு தடவை, ஆறு நிறைந்த ஆகஸ்டில் ஒரு தடவை.